மணிக்கட்டிலிருந்து விரலை எடு

 

இரவு படுக்கையில் இடப்புறம் சாய்ந்த மாத்திரத்தில் மார்புக்குள் மீன் புரண்டாற்போல் ஏதோ அசைந்து, ஒரு கணம் எல்லாம் நின்றுபோய், பிறகு உள்ளிருந்து யாரோ கதவை இடித்தாற்போல் ஓர் அடி விழுந்ததென்றும், அன்று முதல் 15 நாளாக நித்திரையின்றி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதாகவும் நீ எழுதியதை வாசித்தேன். ஈ.ஸி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, சோகைக்கும் தைராய்டுக்கும் இரத்தம் சோதித்து, ஹிருதயத்தில் தோஷம் ஏதுமில்லை என்று டாக்டர் வாயால் கேட்ட பிறகே எனக்கு எழுதியிருக்கிறாய். அதைச் செய்யாதிருந்தால் நான் பேனாவை எடுக்காமல் ரயிலேறி வந்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதை உன் காது கேட்டதே தவிர, விரல் கேட்கவில்லை என்று தெரிகிறது.

நின்றுபோயிற்று என்று நடுங்குகிறாயே, அந்தக் கணத்தில் நடப்பது இன்னதென்று அறிந்துகொள். ஹிருதயத்தின் வலது மேலறையில், 1907-ல் கீத், ஃபிளாக் என்னும் இருவர் கண்டு சொன்ன சிறு கணு ஒன்று இருந்துகொண்டு, நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை தாளம் எடுத்துக் கொடுக்கிறது. எப்போதாவது வேறோரிடத்துத் தசை அவசரப்பட்டு, முறைக்கு முன்னதாகவே ஒரு துடிப்பைப் போட்டுவிடும். நிரம்ப அவகாசமில்லாத அந்த அவசரத் துடிப்பு நாடியில் எட்டாமலே போகலாம். அதை அடுத்த இடைவெளியோ சற்று நீளம். அந்த நேரத்தில் ஹிருதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிவிடுவதால் அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. நீ மரணம் என்று எண்ணியது, அடுத்த அடிக்காக அது நிரம்பிக்கொண்டிருந்த அவகாசம். நோயில்லாதவர்களுக்கும் இது சகஜம். பலர் உணர்வதில்லை, அவ்வளவுதான். உணர்ந்து பயந்துவிட்டாலோ, பயத்தினால் அட்ரினலின் சுரந்து, அது நாடியை விரட்ட, விரட்டப்பட்ட நாடியைத் தொட்டுப் பார்த்து நாம் மேலும் பயந்து, இந்தச் செக்கு விடிய விடியச் சுற்றும்.

நான் அந்தச் செக்கில் சுற்றியவன். அப்போது எனக்கு 34 வயது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் சமயம். ராத்தூக்கம் கெட்டு, பகலில் ஆறு டம்ளர் காபி. உன்னைப் போலவே ஓரிரவு மீன் புரண்டது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாடியை எண்ணி, 84, 96, 110 என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் மணிவாரியாகக் குறித்து, அதைப் பரம சாஸ்திரீயமான காரியமென்று நம்பியும் வந்தேன். எங்கள் ஊர் டாக்டர், என்னை நன்றாகப் பரிசோதித்த பிறகு, அந்த நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் தம் கண் முன்னாலேயே மாடிப்படியை நாலு தடவை ஏறி இறங்கச் சொன்னார். அன்றோடு ஆயுள் முடிந்தது என்று எண்ணிக்கொண்டே ஏறினேன். நாலாம் தடவை இறங்கி வந்தபோது மூச்சு வாங்கிற்று. ஆனால் தவறின துடிப்பு ஒன்றுகூட இல்லை. தீங்கற்ற அவசரத் துடிப்புகள் பெரும்பாலும் உழைப்பில் அடங்கிவிடுமாம்.

இது புதிய சங்கதியும் அல்ல. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் இப்படிப் படபடத்த சிப்பாய்களைப் பற்றி தா கோஸ்டா என்ற வைத்தியர் 1871-லேயே விரிவாக எழுதினார். முதல் உலக யுத்தத்தில், அதே புகாரோடு வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தாமஸ் லூயிஸ் படுக்கையில் கிடத்தாமல், படிப்படியாகத் தேகப்பயிற்சி செய்ய வைத்தார்.

ஆகையால் டாக்டர் அநுமதித்தபடி நட. காபியை ஒழி என்று தஞ்சாவூர் ஜில்லாக்காரனாகிய நான் சொல்லமாட்டேன், மத்தியானத்தோடு நிறுத்து. படபடப்பு வரும்போது மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடு. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு நாடியைச் சற்றுத் தணிக்கும். உன் கைக்கடிகாரமே நாடி எண்ணுகிறதாமே, முதலில் அந்தச் சனியனைக் கழற்றிப் பீரோவில் வை. மயக்கம், மார்வலி, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதேனும் கூட வந்தாலும், நாடியின் ஓட்டம் அடங்காமல் நீடித்தாலும், ஓடும்போதோ படியேறும்போதோ தலை சுற்றினாலும், என் கடிதத்தைத் தேடிக்கொண்டிராதே; உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, அல்லது 108-ஐக் கூப்பிடு. இரண்டு மூன்று மாதமாகியும் பயம் மட்டும் விடவில்லையென்றால் மனநல வைத்தியரைப் பார்ப்பதில் வெட்கம் எதற்கு? பயத்துக்கும் வைத்தியம் உண்டு.

நேற்றுப் பரணில் என் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். கடைசியாக நான் குறித்திருப்பது 88. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து உன் பெரியம்மா பால் கணக்கு எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பெரியப்பா