கையும் காலும் கற்கும் பாடம்

நுழையும்முன்

ஊர்தியை ஓட்டத் தெரிந்தவர் பலர். அதை நிறுத்தத் தெரிந்தவர் சிலர். எந்தப் பிரேக்கை, எப்போது, எவ்வளவு அழுத்துவது என்பதை நெருக்கடி நேரத்தில் சிந்தித்து முடிவெடுக்க இயலாது. அந்த நொடியில் கையும் காலும் தாம் பழகியதையே செய்யும். ஆதலால், சரியான பழக்கத்தை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது உயிர்காக்கும் கல்வியாகும்.

வேகமும் தொலைவும்

நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள். விபத்துக்குக் காரணங்கள் பலவாயினும், உரிய தொலைவுக்குள் நிற்க இயலாமையும் அவற்றுள் ஒன்று.

ஓடுகின்ற ஊர்தி இயக்க ஆற்றலைக் கொண்டுள்ளது. அவ்வாற்றலை உராய்வின் வழியே வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் பணி. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். நிறுத்துவதற்கு வேண்டிய தொலைவும் நான்கு மடங்காகும். மேலும், இடரைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி அந்த ஒரு நொடியில் 17 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த நல்ல சாலையில் இரு பிரேக்குகளையும் நன்கு பயன்படுத்தினாலும், நிற்பதற்குள் மேலும் 23 மீட்டர் ஓடும். ஆக மொத்தம் 40 மீட்டர். அதே ஊர்தி 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 14 மீட்டருக்குள் நின்றுவிடும். இடையிலுள்ள 26 மீட்டரில் ஒரு பள்ளியின் வாயிலோ, பேருந்திலிருந்து இறங்குவோர் கூட்டமோ இருக்கக்கூடும்.

முன் பிரேக்கா, பின் பிரேக்கா?

பேருந்து சட்டென்று நின்றால் உள்ளே நிற்போர் முன்புறம் சாய்கின்றனர். மோட்டார் சைக்கிளிலும் அதுவே நிகழ்கிறது. பிரேக்கை அழுத்தியவுடன் ஊர்தியின் எடை முன் சக்கரத்தின்மேல் கூடுகிறது. பின் சக்கரத்தின்மேல் குறைகிறது. எடை கூடிய சக்கரம் தரையை இறுகப் பற்றும். எடை குறைந்த சக்கரம் எளிதில் வழுக்கும். ஆகவே, நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் சக்கரத்திலிருந்தே கிடைக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புவோர் அவ்வாற்றலில் பெரும்பகுதியை இழக்கின்றனர். ஆற்றல் பாதியாகக் குறைந்தால், மேலே கண்ட 23 மீட்டர் 46 மீட்டராக நீளும்.

ஆயினும், “முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கி எறிந்துவிடும்” என்று எச்சரிப்போர் ஊர்தோறும் உள்ளனர். இவ்வெச்சரிக்கை முற்றிலும் பொய்யன்று. மணல் பரவிய இடத்திலோ, ஈரத் தரையிலோ, வளைவில் சாய்ந்து செல்லும்போதோ முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் முன் சக்கரம் சுழலாமல் நின்று வழுக்கும். ஊர்திக்குத் திசையும் சமநிலையும் தருவது அச்சக்கரமே. அது வழுக்கினால் ஓட்டுபவர் கீழே விழுவார். பிழை அங்கே பிரேக்கில் இல்லை. அதைப் பிடித்த விதத்தில்தான் உள்ளது.

இந்த அச்சம் வேரூன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஊர்திகள் பலவற்றின் முன் சக்கரத்தில் கம்பியால் இழுக்கப்படும் சிறிய டிரம் பிரேக்கே இருந்தது. அதன் வலிமை குறைவு. எனவே, அவற்றை ஓட்டியோர் காலால் மிதிக்கும் பின் பிரேக்கையே நம்பிப் பழகினர். பின்னர் வலிமை மிக்க டிஸ்க் பிரேக்குகள் வந்தன. ஊர்தி மாறியது, பழக்கமும் அறிவுரையும் மாறவில்லை.

எலுமிச்சம்பழத்தைப் பிழியும் கை முதலில் மெல்ல அழுத்தி, பின்னர் படிப்படியாக இறுக்குகிறது. முன் பிரேக்கையும் அவ்வாறே பிடித்தல் வேண்டும். தொடக்கத்தில் தரும் மெல்லிய அழுத்தம் எடையை முன் சக்கரத்துக்குக் கொண்டுவருகிறது. அதன்பின் கூட்டப்படும் அழுத்தத்தை அச்சக்கரம் தாங்கிக்கொள்ளும். பின் பிரேக்கையும் உடன் சேர்த்து அளவாக மிதித்தால் ஊர்தி நேராக நிற்கும். வளைவு வருமானால், அதற்கு முன்பே, ஊர்தி நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துவிடுதல் நன்று.

ஊர்தி மாறினால்

இன்று பல வீடுகளில் கியர் இல்லாத ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் அருகருகே நிற்கின்றன. ஸ்கூட்டரில் இடக்கை லீவர் பின் பிரேக்கை இயக்குகிறது. மோட்டார் சைக்கிளிலோ அதே இடத்தில் கிளட்ச் உள்ளது. பின் பிரேக் வலக்காலுக்குக் கீழே இருக்கிறது. ஸ்கூட்டரில் பழகியவர் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது இடர் நேர்ந்தால், அவருடைய இடக்கை தன்னையறியாமல் லீவரை இறுக்கும். ஆனால் பிரேக் பிடிக்காது. கிளட்ச் மட்டும் விலகி, சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பு அறுந்து, ஊர்தி தடையின்றி உருளும். பழக்கமே பகையாகும் தருணம் அது.

முற்காலப் புல்லட் வண்டிகளில் கியர் வலக்காலிலும் பின் பிரேக் இடக்காலிலும் அமைந்திருந்தன. அவற்றை ஓட்டியவர் புதிய அமைப்புக்கு மாறும்போது கால்களை மீண்டும் பழக்க வேண்டியிருந்தது. எந்தப் புதிய ஊர்தியானாலும், சாலைக்குக் கொண்டுசெல்லும் முன் ஆளற்ற திடலில் மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்ப்பது அறிவுடைமை.

ஓட்டும் முறைகள்

ஒவ்வொருவர் ஓட்டும் முறையும் ஒரு தேவையிலிருந்து பிறக்கிறது. பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் செல்பவரின் பின் சக்கரத்தில் பாரம் மிகுதி. ஆதலால், அவருக்குப் பின் பிரேக் பிறரைக் காட்டிலும் கூடுதலாக உதவும். அதே பழக்கத்துடன் பாரமின்றித் திரும்பும்போது பின் சக்கரம் எளிதில் வழுக்கிவிடும்.

எஞ்சின் நின்றுவிடுமோ என்று அஞ்சி, பிரேக்குக்கு முன்பே கிளட்சைப் பிடிப்போர் உளர். எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தித் தரும் உதவியை அவர்கள் இழக்கின்றனர். பின் பிரேக்கின்மேல் எப்போதும் காலை வைத்திருப்போரும் உளர். அவர்கள் ஊர்தியின் சிவப்பு விளக்கு ஓயாது எரிவதால், அவர் உண்மையில் எப்போது நிற்கப்போகிறார் என்பதைப் பின்னால் வருவோர் அறிய இயலாது. இறுதி நொடிவரை விரைந்து சென்று அழுத்தி நிறுத்துவோர் தம் திறமையில் பெருமை கொள்வர். முன்னால் செல்பவர் எதிர்பாராது நின்றால், அப்பெருமைக்குச் சாலையில் இடம் எஞ்சியிராது.

மலைப்பாதை இவ்வனைவரையும் சோதிக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலையிலும், நாற்பது வளைவுகளைக் கொண்ட வால்பாறைச் சாலையிலும் இறங்கும்போது பிரேக்கை விடாது பிடித்துக்கொண்டே வந்தால் அது மிகுதியாகச் சூடேறி வலிமை குன்றும். ஏறுவதற்கு வேண்டிய கியரிலேயே இறங்குவது ஓட்டுநர்களின் பட்டறிவு. எஞ்சின் வேகத்தைத் தாங்கிக்கொள்ள, பிரேக் ஓய்வு பெறும்.

இவை யாவற்றினும் மேலானது சாலையைப் படிக்கும் முறை. நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் மறைவிலிருந்து ஒருவர் வரக்கூடும். தெருவில் உருண்டோடும் பந்தின் பின்னே ஒரு குழந்தை வரக்கூடும். இவற்றை முன்னரே எண்ணி வேகத்தைக் குறைத்து, விரல்களைப் பிரேக்கின்மேல் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு நொடி மிச்சமாகிறது.

கருவியின் துணை

சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, சக்கரத்தின் சுழற்சியை உணர்ந்து, பிரேக்கின் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1988இல் இதனை மோட்டார் சைக்கிளில் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர ஊர்திகளுக்கு இது கட்டாயமாயிற்று. அதற்குக் குறைந்த திறனுடையவற்றுக்கு, ஒரு பிரேக்கை இயக்கினாலே இரு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கும் சி.பி.எஸ். அமைப்பு கட்டாயமாயிற்று. எனினும், தேய்ந்த டயருக்குப் பிடிமானத்தையோ, மிகுந்த வேகத்துக்குத் தொலைவையோ எக்கருவியும் தந்துவிடாது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பர். சாலையில் தவறான பழக்கம் அவ்விடத்துக்கு விரைவிலேயே கொண்டுசேர்க்கும். உரிமம் பெறும் அகவைக்கு முன்பே இவற்றை அறிந்துகொள்பவர், திருத்த வேண்டிய பழக்கம் எதுவுமின்றி ஓட்டத் தொடங்கலாம். நன்கு ஓட்டுபவரின் பின்னால் அமர்ந்திருப்பவர், பிரேக் பிடிக்கப்பட்டதையே பெரும்பாலும் உணர்வதில்லை. ஓட்டுதலில் அடையத்தக்க சிறப்பு அதுவே.

தெரிந்து தெளிவோம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி, பொது இடத்தில் மோட்டார் ஊர்தி ஓட்ட 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். 50 சி.சி.க்கு மிகாத எஞ்சின் கொண்ட இருசக்கர ஊர்தியை மட்டும் உரிமம் பெற்று 16 வயது முதல் ஓட்டலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் ஊர்தி ஓட்டிக் குற்றம் புரிந்தால் அவர்தம் பாதுகாவலர் அல்லது ஊர்தியின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். அச்சிறார் 25 வயது வரை உரிமம் பெறவும் இயலாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஊர்தி ஓட்டுவோர் எந்தப் பிரேக்கை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர், ஏன் என்று கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.
2. 14 மீட்டரையும் 40 மீட்டரையும் பள்ளித் திடலில் அளந்து குறியிட்டு, அவற்றின் வேறுபாட்டைக் குழுவாகக் கலந்துரையாடுக.
3. ‘ஊர்தி மாறியது, பழக்கம் மாறவில்லை’ – இக்கூற்றை வேறொரு துறைக்குப் பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.