களையும் மூலிகையும்: அதியன்னூர்த் தோட்டங்களில் ஒரு பாடம்

பயிருக்கு ஊறு செய்யும் செடியைக் களை என்கிறோம். ஆயினும், விதைக்காமல் முளைத்தவை யாவும் களைகள் அல்ல. திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த அதியன்னூர்ப் பகுதியில் தென்னை, வாழை, மரச்சீனித் தோட்டங்களின் ஓரங்களை உற்று நோக்குவோர் இவ்வுண்மையை எளிதில் உணரலாம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது அண்டையிலுள்ள விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. செடிகளோ எல்லை அறியா. இங்கே கய்யோன்னி எனப்படுவது அங்கே கரிசலாங்கண்ணி, கறுகை அருகம்புல், செறூளை சிறுபூளை, உழிஞ்ஞை முடக்கறுத்தான். இந்நான்கும் கேரள மகளிர் திருவாதிரை நாளில் கூந்தலில் சூடும் தசபுஷ்பங்களுள் அடங்குவன.

ஒத்த தோற்றம், வேறு செடி

ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு செடியை முடிவு செய்தல் தவறு. தொட்டால் இலை மடிவது தொட்டாற்சுருங்கிக்கு உரியது என்பர். முக்குற்றியின் இலையும் அவ்வாறே மடியும். ஆனால் முக்குற்றி முள்ளற்றது. சிறு தென்னை போல் உச்சியில் இலைகள் விரிந்து, மஞ்சள் மலர் தாங்கும். தொட்டாற்சுருங்கியில் முள் உண்டு. மலர் இளஞ்சிவப்புப் பந்து போன்றது.

கரிசலாங்கண்ணிக்கும் வெட்டுக்காயப்பூண்டுக்கும் உள்ள வேற்றுமையும் இத்தகையதே. முன்னது ஈரமான இடத்தில் வளரும், வெண்மலர் உடையது, கசக்கிய இலையின் சாறு கறுக்கும். பின்னது வறண்ட நிலத்திலும் தழைக்கும். நீண்ட காம்பின் நுனியில், மஞ்சள் நடுவும் வெளிர்நிற இதழ்களும் கொண்ட மலரைத் தாங்கும்.

கீழாநெல்லியில் கூடுதல் கவனம் தேவை. அதன் காய்கள் இலைக்கொத்தின் அடியில் வரிசையாகத் தொங்கும், மேற்புறம் வழுவழுப்பானது. தண்டு சிவந்து, காய்கள் ஏறக்குறையக் காம்பின்றிச் சொரசொரப்பாக இருப்பின் அது அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியாகும். மஞ்சட்காமாலைக்கு இதனை நாடுவோர் பலர் ஆதலால், அடையாளம் உறுதிப்படாத செடியை உட்கொள்ளலாகாது. மருத்துவரைக் காணாமல் காலம் தாழ்த்தவும் கூடாது.

உண்மையான பகைவர்கள்

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இரு செடிகளே நாம் அஞ்சத்தக்கவை. ஒன்று, கேரளத்தார் 'கம்யூனிஸ்டுப் பச்சை' என அழைக்கும் புதர்ச்செடி. அதன் முக்கோண இலையில் மூன்று நரம்புகள் சூலம் போல் பிரியும். கசக்கினால் நெடி வீசும். மற்றொன்று மிக்கானியா என்னும் கொடி. இதய வடிவ இலைகளால் வாழையையும் இளமரங்களையும் போர்த்து, அவற்றுக்கு ஒளி கிட்டாமற் செய்யும். இவற்றின் நுண்விதைகளைக் காற்று நெடுந்தொலைவு சுமந்து செல்லும். எனவே பூக்குமுன் வேருடன் பிடுங்குவதே முறை. மிக்கானியாவின் வெட்டிய கணுவும் வேர்விடும். அதனை மண்ணில் எறியாது உலர்த்தி அழிக்க வேண்டும்.

செய்யத்தக்கது

களைக்கொல்லி, மூலிகையையும் பகைச்செடியையும் வேறுபடுத்தாது. கேரள அரசு 2019ஆம் ஆண்டு கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியின் விற்பனைக்குத் தடை விதித்தது. அறிந்து பிடுங்கும் கையே தோட்டத்துக்கு ஏற்ற கருவியாகும். மண்வெட்டியை எடுக்குமுன் இலையின் அமைப்பு, தண்டு, மலர், காய், மணம் ஆகிய ஐந்தையும் நோக்குக. பள்ளி மாணவர் தத்தம் வீட்டுத் தோட்டச் செடிகளை இரு மொழிப் பெயர்களுடன் பட்டியலிட்டால், முதியோரின் அறிவு அவர்களுடன் மறையாது. அடுத்த தலைமுறைக்கும் பயன்படும்.