டைனமோவைக் குறை சொல்லும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

வெம்பக்கோட்டையில் உன் பட்டறைக்கு ஒரு பி.எஸ்.ஏ. எம்20 வந்திருப்பதாக எழுதியிருந்தாய். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, டைனமோ மட்டும் சார்ஜ் ஏற்றவில்லை. வண்டிக்காரர் "ஆர்மேச்சரைக் கட்டிருங்க, இல்லேன்னா 12 வோல்ட்டுக்கு மாத்திருங்க" என்று நெருக்குகிறார் என்றாய். பழைய வண்டியில் கை வைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருநாள் இந்த நெருக்கடி வரும். அதனால்தான் பதிலை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

எம்20 லேசான வண்டி இல்லை. 1937-ல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் மட்டும் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் அளவுக்குப் படைகளுக்காகச் செய்தார்கள். நம் நாட்டில் தங்கிப்போனவை கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுகின்றன. அதில் இருப்பது லூகாஸ் மேக்டைனோ: கீழே மேக்னெட்டோ, அதன் தலைமேல் பட்டை போட்டு இறுக்கிய டைனமோ. தீப்பொறியை மேக்னெட்டோ தன் நிரந்தரக் காந்தத்தால் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் வண்டி ஓடும். டைனமோ எத்தனை வருடமாகத் தூங்குகிறது என்று வண்டிக்காரருக்கே தெரியாமல் போவது இதனால்தான்.

டைனமோவுக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது. ஃபீல்டு காயிலில் கரண்ட் போனால்தான் அது காந்தம். அந்தக் கரண்டையும் டைனமோவேதான் தர வேண்டும். அப்படியானால் முதல் கரண்ட் எங்கிருந்து வருகிறது? கடைசியாக ஓடியபோது இரும்பில் ஒட்டிக்கொண்ட மிச்சக் காந்தத்திலிருந்து. அதில் அரை வோல்ட் பிறக்கும். அது ஃபீல்டுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்டும். கூடிய காந்தம் இன்னும் வோல்ட்டைக் கூட்டும். வெர்னர் ஸீமென்ஸ் 1866-ல் இந்த உத்தியில் ஒரு இயந்திரம் செய்து காட்டினார். மறு வருடத் தொடக்கத்தில் பெர்லின் அறிவியல் கழகத்தில் அதைப் பற்றி அறிக்கை வைத்தார்கள். உன் மேசையில் கிடக்கும் டைனமோ அதே வேலையைத்தான் செய்கிறது. நெடுநாள் சும்மா கிடந்தாலோ, யாராவது பேட்டரியை மாற்றி மாட்டியிருந்தாலோ, அந்த மிச்சக் காந்தம் அழிந்திருக்கும் அல்லது திசை மாறியிருக்கும். அதற்காகக் காயில் கட்டுகிறவரிடம் ஓட வேண்டியதில்லை.

எதையும் கழற்றுமுன் எழுதி வை. விஜயகரிசல்குளம் மேட்டில் 2022-லிருந்து தொல்லியல் துறை குழி வெட்டியதை நீயும் போய்ப் பார்த்திருப்பாய். ஒரு அடுக்கை அளந்து, படமெடுத்து, குறித்த பிறகுதானே அடுத்த அடுக்கில் கை வைத்தார்கள்? எந்த வயர் எந்த முனையில் இருந்தது, பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதை அப்படிக் குறித்துக்கொள். போர்க்காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த். 1950-களின் தொடக்கத்தில் லூகாஸ் பாசிட்டிவ் எர்த்துக்கு மாறியது. நடுவில் யார் எப்படி மாற்றினார்களோ, புத்தகத்தை நம்பாதே, வண்டியைப் பார்.

இனிச் சோதனை. டைனமோவின் டி (கரண்ட் வெளிவரும் முனை), எஃப் (ஃபீல்டு முனை) இரண்டிலிருந்தும் வயரை எடுத்துவிடு. இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் கட்டு. அங்கிருந்து பாடிக்கு வோல்ட் மீட்டரை வை. முள் மீட்டராக இருந்தால் நல்லது. பிரஷ் இரைச்சலில் டிஜிட்டல் மீட்டர் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். இன்ஜினைக் கிளப்பி மெதுவாக வேகம் கூட்டு. முள் சட்டென்று ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது, பழி ரெகுலேட்டர் மேலோ வயர் மேலோதான். 10 வோல்ட்டைத் தாண்ட விடாதே. ஏறவில்லை என்பதற்காக ஆக்ஸிலேட்டரை முறுக்காதே. டைனமோ நிமிடத்துக்கு 1,000 சுற்றுப் போனாலே போதும்.

முள் அசையவே இல்லையென்றால் பிரஷ்ஷையும் எர்த்தையும் பார். அரை வோல்ட்டில் நின்றால் மிச்சக் காந்தம் இருக்கிறது, ஃபீல்டு வேலை செய்யவில்லை. ஒன்றரை, இரண்டு வோல்ட்டில் திணறினால் மட்டும் ஆர்மேச்சரைச் சந்தேகப்படு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "ஆர்மேச்சர் போச்சு" என்று சொல்வது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். பழைய காயிலை அறுத்தெறிந்த பிறகு அது நன்றாக இருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. செலவு வண்டிக்காரர் தலையில்.

எர்த் என்றேனே, அதில் கொஞ்சம் நில். புதுப்பித்த வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பெயிண்ட். அழகுக்காக டைனமோ உடம்பு, அது உட்காரும் தொட்டில், இறுக்கும் பட்டை எல்லாவற்றுக்கும் தடிமனாக அடித்துவிடுகிறார்கள். கரண்ட் பாடி வழியாகத் திரும்ப வேண்டும். பெயிண்ட் அதை மறித்துக்கொள்கிறது. தொட்டில் தொடும் இடத்தில் உலோகம் தெரியும்வரை சுரண்டு. பாதி வண்டிகள் அங்கேயே உயிர் பிடித்துக்கொள்ளும்.

கம்யூட்டேட்டரை நைஸ் கண்ணாடித் தாளால் துடை. எமரி வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷைத் தின்னும். செம்புப் பட்டைகளின் இடுக்கில் மைக்கா மேலே நின்றால், தேய்த்து ஒல்லியாக்கிய ஹாக்ஸா பிளேடால் இறக்கிவிடு. பிரஷ் தன் கூட்டில் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். கியர் பக்கத்திலிருந்து ஆயில் கசிந்து பிரஷ் நனைந்திருந்தால், துடைத்துப் பயனில்லை. முதலில் சீலை மாற்று.

மிச்சக் காந்தம் போயிருந்தால் ஊட்டிவிடலாம். டி, எஃப் வயர்கள் கழன்றே இருக்கட்டும்; வண்டியின் எர்த் முனை எதுவோ, பேட்டரியின் அந்த முனை பாடியில் இருக்கட்டும். மற்ற முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து எஃப் முனையில் ஒன்றிரண்டு நொடி தொட்டு எடு. எடுக்கும்போது பொறி பறக்கும். அதனால் வயரைப் பேட்டரியில் முதலில் மாட்டிவிட்டு, கடைசித் தொடுகை டைனமோவில் நடக்கட்டும். பேட்டரிமேல் ஹைட்ரஜன் நிற்கும்.

பொறி என்றதும் உன் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். 2012 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம் வெடிவிபத்துகள் இரண்டையும் நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆலை வேலை முடிந்து வருகிறவர் உடையில் மருந்துத் தூள் இருக்கலாம். அவர் பக்கத்தில் நிற்கும்போது இந்த வேலையைத் தொடாதே. சோதனை ஓட்டத்துக்கென்று ஆலைக் கேட்டுப் பக்கம் போகவே போகாதே. பெட்ரோல் நனைத்த துணியால் கம்யூட்டேட்டரைத் துடைத்தால், அது முழுக்கக் காய்ந்த பிறகே பேட்டரியைத் தொடு. இதில் எந்தச் சலுகையும் கிடையாது தம்பி.

இன்னொரு சோதனை, டைனமோவைத் தனியாகக் கழற்றி வைத்துச் செய்வது. டி, எஃப் சேர்த்து பேட்டரியின் ஒரு முனையில், உடம்பை மறு முனையில் வை. மோட்டார் மாதிரிச் சீராகச் சுற்ற வேண்டும். சுற்றும் திசையைக் கவனி. வண்டியில் கியர் அதைச் சுற்றும் திசையும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் யாரோ ஃபீல்டு முனைகளை மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். எத்தனை முறை காந்தம் ஊட்டினாலும் அந்த டைனமோ வோல்ட் ஏற்றாது. முன்பு ஒருமுறை கட்டிய டைனமோக்களில் இது அதிகம்.

ரெகுலேட்டரைப் பற்றிச் சுருக்கமாக: டைனமோ தேறிய பிறகே மூடியைத் திற. முனைகள் எஃப், ஏ, டி, ஈ என்ற வரிசையில் இருக்கும். காண்டாக்ட்டைச் சுத்தம் செய். திருகாணிகளைச் சும்மா திருகிப் பார்க்காதே. டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் கட்டவுட் 6.5 வோல்ட் அருகில் சேர வேண்டும். பேட்டரி இல்லாமல் அளந்தால் ரெகுலேட்டர் 8 வோல்ட்டை ஒட்டி நிறுத்த வேண்டும். நம் சித்திரை வெயிலில் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் அது சரிதான். கட்டவுட் முனை கருகியிருந்தால் டைனமோவின் துருவம் பேட்டரிக்கு எதிராக இருந்ததா என்று பார்.

12 வோல்ட் மாற்றம் பாவமில்லை. இரவில் சாத்தூர் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு நல்ல வெளிச்சம் வேண்டும்; எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டு இதே டைனமோவையே 12-க்கு ஓட்டலாம். ஆனால் தேறாத டைனமோவுக்கு அதுவும் மருந்தில்லை.

டி, எஃப் சேர்த்த அளவு, ஃபீல்டு ரெசிஸ்டன்ஸ் (3 ஓம் பக்கத்தில் இருக்க வேண்டும்), மோட்டாராகச் சுற்றிய திசை, எர்த் எந்தப் பக்கம் என்ற நான்கையும் எழுதி அனுப்பு. அதுவரை ஆர்மேச்சர் உன் மேசையிலேயே இருக்கட்டும். வண்டிக்காரர் கேட்டால், நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்