பத்துக் கண்ணி, ஐந்து இதழ்

தலைமுடிக் கிளிப்பிலும் ரப்பர் பேண்டிலும் குரோஷா பூ வைத்துத் தைத்து விற்பதை இப்போது கடைவீதிகளில் பார்க்கிறோம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் இந்தப் பூவை இரண்டு மூன்று பாடவேளைகளில் பின்னக் கற்றுக்கொள்வார்கள். கைவேலைப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. இந்தப் பூவைப் பொறுத்தவரை அப்படிக் கொடுக்க வேண்டியதே இல்லை. கணக்கு இதற்குள்ளேயே இருக்கிறது. கைத்தொழில் வழியாகவே பாடங்களைக் கற்பிக்கலாம் என்று 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் இதைத்தான் சொன்னது.

தேவையானவை 3.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசியும் சற்றுத் தடித்த பருத்தி நூலும்தான். முதல் முறை வெளிர்நிற நூலே நல்லது. கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரே உட்கார வைத்துச் செய்து காட்டுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே பின்தொடரும்.

கண்ணிகளின் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க முறையில் ‘சிங்கிள்’ எனப்படுவது பிரிட்டிஷ் முறையில் ‘டபுள்’. காணொலிகளைப் பார்த்துக் கற்கும்போது இது பெருங்குழப்பம் தரும். வகுப்பில் குட்டை, நெட்டை என்றே சொல்லிவிடலாம். ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். மறுபடி நூலை மாட்டி இரண்டின் வழியாகவும் ஒன்றாக இழுத்தால் அது குட்டைக் கண்ணி. உள்ளே விடுவதற்கு முன்பே நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டால் மூன்று கண்ணிகள் வரும். அவற்றை இரண்டிரண்டாக இருமுறை இழுத்தால் நெட்டைக் கண்ணி.

இனிப் பூ. ஐந்து சங்கிலிக் கண்ணி போட்டு, கடைசிக் கண்ணியை முதல் கண்ணியோடு கோத்து வளையமாக்க வேண்டும். உயரத்துக்காக ஒரு சங்கிலி போட்டு (இதை எண்ணக் கூடாது), வளையத்துக்குள் பத்துக் குட்டைக் கண்ணிகள் பின்னி, முதல் குட்டைக் கண்ணியில் கோத்துச் சுற்றை மூட வேண்டும். அடுத்து இதழ்கள். மூடிய அதே கண்ணியில் 2 சங்கிலி, 2 நெட்டை. பக்கத்துக் கண்ணியில் 2 நெட்டை, 2 சங்கிலி, அங்கேயே ஒரு கோப்பு. ஓர் இதழ் முடிந்தது. அதற்கடுத்த கண்ணியில் கோத்து, இரண்டாம் இதழைத் தொடங்கலாம். இரண்டு கண்ணிக்கு ஓர் இதழ், பத்துக்கு ஐந்து.

பாடம் தொடங்குவது இதற்குப் பிறகுதான். ஒரு வகுப்பில் நாற்பது பேர் பின்னினால் நாற்பதும் ஐந்து இதழ்ப் பூவாக வராது. எண்ணக் கூடாத சங்கிலியை எண்ணிவிட்ட குழந்தைக்கு ஒன்பது கண்ணிதான் இருக்கும்: நான்கு இதழும், ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கண்ணியும். கூடுதலாக ஒன்று போட்ட குழந்தைக்கு ஐந்து இதழ் முடிந்தும் ஒரு கண்ணி மிஞ்சும். 9 ÷ 2, 11 ÷ 2 இரண்டிலும் மீதி 1 என்பதைக் கரும்பலகையில் எழுதும் முன்பே குழந்தை விரலால் தொட்டுவிட்டது. இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்பட்டு, “நீ ஒன்பது போட்டிருக்கிறாய்” என்று சொல்லிவிடக் கூடாது. ஏன் மிஞ்சியது என்று மட்டும் கேளுங்கள். எண்ணிப் பார்ப்பார்கள். நூலை இழுத்துப் பிரித்து மறுபடி பின்னுவார்கள். நோட்டில் தப்பான விடையை அடித்தால் கோடு நிற்கும். இங்கே பிரித்த நூல் மறுபடி வெறும் நூல்தான். கணக்கென்றால் பயப்படும் குழந்தை நாலு தடவை பிரித்துப் பின்னத் தயங்காது.

பள்ளி வளாகத்திலிருந்து பூக்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி மூன்றுக்கும் ஐந்து இதழ். இட்லிப்பூ எனும் வெட்சிக்கு நான்கு. வெட்சியைப் பின்ன வளையத்தில் எத்தனை கண்ணி வேண்டும்? எட்டு என்று சொல்லிவிடுவார்கள். இதழுக்கு மூன்று கண்ணி என்றால் செம்பருத்திக்கு எத்தனை என்று அடுத்துக் கேட்கலாம்.

எட்டாம் வகுப்புக்கு இன்னொன்று. குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஒரு சுற்று பின்னினால் ஆரம் ஒரு கண்ணி அளவு கூடுகிறது. சுற்றளவோ 2 × 3.14, அதாவது 6.28 கண்ணி அளவு கூட வேண்டும். தட்டையான வட்டம் பின்னுவோர் 6, 12, 18, 24 என ஆறாறாகக் கூட்டுவது இதனால்தான். கூட்டாமல் பின்னினால் கிண்ணம்போல் குழியும். அளவுக்கு மேல் கூட்டினால் சுருண்டு மடிந்து கோழிக்கொண்டைப் பூவாகிவிடும். இந்தச் சுருளைத்தான் 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் டைனா டைமினா பின்னி, அதிபரவளையத் தளத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி செய்தார்.

இது பெண்பிள்ளைகள் வேலை என்று பையன்கள் ஒதுங்கலாம். பூச்சந்தையில் மாலை கட்டும் ஆண்களையும் கடற்கரையில் வலை பின்னும் மீனவர்களையும் நினைவூட்டினால் போதும். கண்காட்சிக்காக வீட்டில் அம்மா இரவில் பின்னித் தந்த அழகான பூவை விட, வகுப்பில் பின்னிய ஒன்பது கண்ணிப் பூவைக் காட்சிக்கு வைப்பதே மேல்.

சமூக அறிவியல் ஆசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் பலர் பூவும் இலையும் தனித்தனியாகப் பின்னி இணைத்த குரோஷா லேஸை விற்றுப் பிழைத்தனர். ஆந்திரத்தின் நரசாபுரத்தில் இன்றும் பெண்கள் வீட்டில் இருந்தபடி குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அது ஓய்வுநேர வேலை என்று பெயர் பெற்றதால் கூலி எப்படிக் குறைந்தது என்பதை மரியா மீஸ் 1982இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

ஒவ்வொரு மாணவரும் தம் பூவைப் பின்ன எடுத்துக்கொண்ட நிமிடங்களைக் குறித்துவைக்கட்டும். கடையில் அதே பூ என்ன விலை என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். நூல், கிளிப், கடைக்காரரின் லாபம் ஆகியவற்றைக் கழித்தபின் பின்னியவருக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று குழுவாகக் கணக்கிட்டு, விடையைப் பூவின் பக்கத்திலேயே எழுதி ஒட்டலாம்.