இலங்கை அவையில் இரு நாணயங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ரோமரும் பாரசீகரும் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் போரிட்டனர். கி.மு. 53-இல் கார்ரே என்னுமிடத்தில் கிராசஸின் பெரும்படையைப் பார்த்தியக் குதிரை வில்லாளிகள் சிதறடித்தனர். கி.பி. 260-இல் ரோமப் பேரரசர் வலேரியனே பாரசீகத்தின் சாசானிய மன்னன் முதலாம் ஷாபூரிடம் சிறைப்பட்டார். 628-இல் இரு பேரரசுகளும் களைத்து ஓய்ந்தன. யூப்ரடீஸ் கரைச் சண்டைக்கும் நம் வைகைக் கரைக்கும் என்ன தொடர்பு என நண்பர்கள் கேட்கலாம். வேதியியல் படிப்பவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்றும் கேட்கலாம்.

தொடர்பு நாணயத்தில் இருக்கிறது. கி.மு. 30-இல் எகிப்து ரோமரின் கைக்கு வந்தபின், பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடல் வழியே அவர்கள் கப்பல்கள் நம் கரைகளுக்கு ஏராளமாக வந்தன. பார்த்தியருக்குச் சுங்கம் கட்டாமல் மிளகும் முத்தும் வாங்க அது நல்ல வழி. (போரினால் நிலவழி அடியோடு அடைபட்டது என்று சிலர் எழுதுவது மிகை. பல்மைரா வணிகர்கள் பார்த்திய நாட்டின் ஊடே சரக்குக் கொண்டுபோனதைக் கல்வெட்டுகளே கூறுகின்றன.) ஆண்டுதோறும் இந்தியாவுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் போய்விடுகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி புலம்பினார். மதுரை வைகை மணலில் கிடைத்த ரோமச் செப்புக்காசுகள் இன்னும் பிந்தியவை. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதே வகைக் காசுகள் இலங்கையிலும் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன.

அந்த இலங்கையில்தான் ரோமும் பாரசீகமும் வாளின்றி மோதிய ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய காஸ்மாஸ் என்ற வணிகத் துறவி இதைத் தருகிறார். செங்கடலின் அதூலிஸ் துறைமுகத்தாரோடு சோபாத்ரோஸ் என்ற ரோம வணிகர் இலங்கைக்கு வந்தார். அதே வேளையில் ஒரு பாரசீகக் கப்பலும் வந்து சேர்ந்தது. "உங்கள் இருவர் மன்னருள் பெரியவர் யார்?" என்றான் இலங்கை வேந்தன். பாரசீகர் முந்திக்கொண்டு தம் மன்னரே என்றார். சோபாத்ரோஸோ, இரு மன்னரும் இங்கேயே இருக்கின்றனர், நீங்களே பாருங்கள் என்று இரு நாணயங்களைக் காட்டச் சொன்னார். ஒன்று ரோமரின் பொற்காசு; மற்றது பாரசீகரின் வெள்ளிக்காசு. வேந்தன் திருப்பித் திருப்பிப் பார்த்து ரோமரே உயர்ந்தவர் எனத் தீர்ப்பளித்தான். சோபாத்ரோஸை யானைமேல் ஏற்றி, பறை முழங்க நகர்வலம் வரச் செய்தான்.

கதை சுவையானதுதான். ஆனால் தீர்ப்பு சரியா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தந்தை கீழமாசி வீதியில் மூட்டை சுமப்பவர். நூலகத்தில் படித்த இக்கதையை இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும், "ராசா தராசுல போட்டுப் பாத்தாராடா?" என்றார். தராசு கதையில் இல்லை.

நாம் போட்டுப் பார்ப்போம். ரோமப் பொற்காசின் எடை சுமார் 4.5 கிராம், பாரசீக வெள்ளிக்காசு சுமார் 4 கிராம். எடையில் பெரிய வேறுபாடு இல்லை. பொன்னின் அடர்த்தி 19.3, வெள்ளியினது 10.5 என்பதால் பருமனில் வெள்ளிக்காசே பெரியது. ஆனால் கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளி கறுக்கும், பொன் கறுக்காது. மாதக்கணக்கில் கடலில் வந்த இரு காசுகளில் எது மின்னியிருக்கும்? அங்கே ஒப்பிடப்பட்டவை இரு மன்னர்கள் அல்ல, இரு உலோகங்கள். பாரசீகர் பொற்காசு அச்சிட்டது மிகக் குறைவு. அவர்கள் வாணிகம் வெள்ளியில் ஓடியது. ரோமர் வெள்ளியை எடுத்து வந்திருந்தால் போட்டி நியாயமாயிருக்கும்.

மேலும், காஸ்மாஸ் ரோமப் பேரரசின் குடிமகன். இலங்கை மன்னன் ரோம நாணயத்தை வியந்ததாக இதைப் போன்ற ஒரு செய்தியைப் பிளினியும் முன்பே எழுதியிருப்பதால், அறிஞர் பலர் இக்கதையை ஐயுறுகின்றனர்.

உண்மை நிலையை வேறொரு வரலாற்றாசிரியர் காட்டிக்கொடுக்கிறார். 531-ஐ ஒட்டி ரோமப் பேரரசர் ஜஸ்டினியன், பகைவரான பாரசீகரிடம் பட்டு வாங்கிப் பணம் கொடுக்க மனமின்றி, எத்தியோப்பியரை இந்தியரிடம் நேரே வாங்கித் தரும்படி வேண்டினார். அது கைகூடவில்லை என்கிறார் புரோக்கோபியஸ். இந்தியக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைகளில் பாரசீக வணிகர் முன்னதாகவே நின்று, சரக்கு முழுவதையும் வாங்கிவிட்டனராம். காஸ்மாஸின் நூலிலேயே இலங்கையில் குடியேறிய பாரசீகக் கிறித்தவர்களும் அவர்களது கோயிலும் பேசப்படுகின்றன. யானை ஏறிய சோபாத்ரோஸ் அத்தீவுக்கு வந்ததோ அதூலிஸ்காரர்களின் துணையோடு.