விதிப்புத்தகத்திலிருந்து வீட்டு மேசைக்கு

உயர்தரம், கலைப்பிரிவு

விளையாட்டு என்றதும் எமக்கு நினைவில் வருபவை வலைப்பந்தும் கரமும் சதுரங்கமும்தான். கதை சொல்வதையே விளையாட்டாகக் கொண்ட ஒரு வகையும் உண்டு. அதனைப் பாத்திரமேற்று விளையாடும் மேசை விளையாட்டு எனலாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் காவலாளியிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்வார்கள். ஒரு செயல் கைகூடுமா என்பது நிச்சயமில்லாதபோது பகடை உருட்டுவார்கள். இதில் பணயம் இல்லை. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதும் இல்லை. இவ்வகையில் புகழ்பெற்ற 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்' 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதனை உருவாக்கியவர்கள் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர்.

சென்ற வருட இறுதி விடுமுறையில் லண்டனிலிருந்து வந்திருந்த சாச்சியின் மகள், நாங்கள் தாத்தா என்று அழைப்பவர், இதை எங்களுக்குக் கற்றுத் தந்தார். அவர் அங்கே ஒரு கடையில் ஒழுங்கமைக்கப்பட்ட முறையில் விளையாடிப் பழகியவர். அந்த முறையிலிருந்து வீட்டு முறைக்கு மாறும்போது நாங்கள் விட்ட ஒரு பிழையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒழுங்கமைக்கப்பட்ட விளையாட்டு

ஒரே விதிகளின் கீழ் பல ஊர்களில் பலர் விளையாடும் முறை இது. 1980 இல் இதற்கென அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 2000 முதல் 2008 வரை நடந்த 'லிவிங் கிரேஹோக்' என்ற தொடரில், உண்மையான நாடுகளும் மாநிலங்களும் கற்பனை உலகின் பிரதேசங்களோடு இணைக்கப்பட்டிருந்தன. 2008 இல் 'பாத்ஃபைண்டர் சொசைட்டி'யும் 2014 இல் 'அட்வென்சரர்ஸ் லீக்'கும் ஆரம்பமாயின.

இங்கே கதை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் சுமார் நான்கு மணித்தியாலங்களில் முடிந்துவிடும். பாத்திரத்தின் வலிமை, அறிவு போன்ற ஆற்றல்களை எல்லோரும் ஒரே அளவுகோலின்படியே தீர்மானிக்க வேண்டும். கிடைத்த அனுபவமும் பொருளும் பதிவுத்தாளில் எழுதப்படும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேறொரு நகரத்தில் முன்பின் தெரியாதவர்களின் மேசையிலும் அமரலாம். இதுவே இம்முறையின் பெரிய நன்மை.

குறையும் உண்டு. நீங்கள் இரக்கப்பட்டு ஒரு திருடனை விடுவித்தால், அடுத்த வாரக் கதைக்கு அது தெரியாது. ஆயிரம் மேசைகளுக்காக எழுதப்பட்ட கதை ஒரு மேசையின் முடிவை நினைவில் வைத்திருக்க முடியாது.

வீட்டுத் தொடர்

வீட்டில் கதை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். நாங்கள் விடுவித்த திருடன் மூன்றாம் வாரம் படகோட்டியாக வந்து எங்களை ஆற்றைக் கடக்க வைத்தான். அன்று எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லில் அடக்க முடியாது.

விதிகளையும் மாற்றிக்கொள்ளலாம். பகடை என்றதும் வாப்பாவின் முகம் சுருங்கியது. காசு வைத்து ஆடுவதில்லை என்று விளக்கிய பின்னரும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே, 20 முகப் பகடைக்குப் பதிலாக 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு யோகட் கோப்பையில் போட்டோம். 15 அல்லது அதற்கு மேல் எடுப்பதற்கான நிகழ்தகவு இரண்டிலும் 6/20 தான். ஆனால் எடுத்த சீட்டை மடித்துத் திரும்பவும் கோப்பைக்குள் போட வேண்டும். முதல் நாள் அதை மறந்துவிட்டோம். 20 வெளியே போன பிறகு அது யாருக்குமே கிடைக்கவில்லை!

நாங்கள் விட்ட பிழை

பெரிய பிழை அதுவல்ல. எங்களில் இளையவள் பத்து வயதுத் தங்கை. அவளுடைய பாத்திரத்துக்கு ஒரு கழுதை இருந்தது. அதற்கு அவளே பெயர் வைத்திருந்தாள். இரண்டாம் வாரம் பணம் போதாமல் போகவே, அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் நாங்கள் அந்தக் கழுதையை விற்றுவிட்டோம். "இது விளையாட்டுத்தானே" என்று சிரித்தோம். அவள் அழுதுகொண்டு எழுந்து போனாள். அடுத்த வாரம் வரவும் மறுத்துவிட்டாள்.

அப்போதுதான் தாத்தா ஒன்றைச் சொன்னார். கடையில் சக விளையாட்டுக்காரரின் பாத்திரத்துக்குத் தீங்கு செய்வதை விதிகளே தடுக்கின்றன. வீட்டில் விதிப்புத்தகத்தை மூடி வைத்தபோது, அதிலிருந்த கட்டுப்பாட்டோடு பாதுகாப்பையும் சேர்த்து மூடிவிட்டோம். அந்நியர்களுக்கிடையில் விதி செய்த வேலையை, சொந்தங்களுக்கிடையில் பேச்சுத்தான் செய்ய வேண்டும். சொந்தம்தானே என்று நாங்கள் பேசாமலே இருந்துவிட்டோம்.

தங்கையிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு எல்லோரும் அமர்ந்து ஓர் அப்பியாசக் கொப்பியில் எங்களுக்கான விதிகளை எழுதினோம்:

1. ஒருவருடைய பாத்திரத்தையோ பொருளையோ அவருடைய சம்மதமின்றித் தொடுவதில்லை.
2. யாருக்காவது பயமோ கவலையோ ஏற்பட்டால் "நிறுத்து" என்று சொல்லலாம், காரணம் கேட்பதில்லை.
3. வராதவரின் பாத்திரம் அன்று ஊரில் ஓய்வெடுக்கும்.
4. ஐயம் வந்தால் கதை நடத்துபவரின் முடிவே முடிவு. விவாதம் விளையாட்டு முடிந்த பின்னர்.
5. ஒவ்வொரு நாளும் நடந்ததை ஒருவர் முறைவைத்து எழுத வேண்டும்.

முதல் விதியைத் தங்கையே தன் கையால் எழுதினாள். அனுபவமுள்ள வீட்டுக் குழுக்கள் கதையைத் தொடங்குவதற்கு முன்பே இப்படி அமர்ந்து பேசிக்கொள்வது வழக்கம் என்று தாத்தா சொன்னார். நாங்கள் ஓர் அழுகைக்குப் பிறகே அதைக் கற்றோம்.

தொடங்க விரும்புவோருக்கு

நான்கு அல்லது ஐந்து பேர் போதும். பெரிய உலகத்தைப் படைக்க முயல வேண்டாம். ஒரு கிராமம், ஓர் ஆறு, ஒரு சிக்கல் போதுமானவை. எழுதி வந்த கதையொன்றை முதலில் விளையாடி விதிகளைப் பழகிக்கொண்டு, பிறகு சொந்தக் கதைக்கு மாறுவது இலகு. பெற்றோரே, ஒரு நாள் பக்கத்தில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். வாப்பா அப்படித்தான் கேட்க வந்தார். இப்போது எங்கள் கிராமத்தின் வயதான வைத்தியர் அவர்தான்.

தாத்தா லண்டனுக்குத் திரும்பிவிட்டார். கதையை இப்போது நான் நடத்துகிறேன். கழுதையை மீட்கும் பயணம் இன்னும் முடியவில்லை.