ஃபிகர்-எயிட் மைக்: வாங்கும் முன், வைக்கும் முன்

மார்கழி சீசனில் சென்னை சபாக்களில் ரெக்கார்டிங் வேலைக்குப் போட்டி கடுமை. எல்லார் பையிலும் நல்ல கார்டியாய்ட் மைக் இருக்கிறது. அதை வைத்து நீங்கள் தனித்துத் தெரிய முடியாது. கச்சேரி முடிந்து வீணைக் கலைஞர் ஃபைலைத் திறக்கிறார். வீணை டிராக் முழுக்க மிருதங்கம் என்றால், அடுத்த முறை போன் வேறு ஒருவருக்குப் போகும். வீணை வீணையாகவே கேட்டால் உங்களுக்கு வரும். அதற்கான கருவி ஃபிகர்-எயிட் மைக்.

1. வாங்கப் போகும்போது முன்பக்கத் தொனியில் மயங்காதீர்கள். இந்த மைக்கில் நீங்கள் காசு கொடுப்பது அது கேட்காத பக்கத்துக்குத்தான். 90 டிகிரியில் வரும் சத்தத்தைக் கார்டியாய்ட் வெறும் 6 டெசிபெல்தான் குறைக்கும். ஃபிகர்-எயிட் முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்கும். பக்கவாட்டில், கணக்குப்படி, ஒன்றுமே கேட்காது. கடையிலேயே ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். கூட வந்தவரைப் பேசச் சொல்லி மைக்கை மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் குரல் சட்டென்று அடங்க வேண்டும். மிச்சம் கேட்பது அறையின் எதிரொலி என்றால் சரி. குரலே நேராகக் கேட்டால் அந்த மைக் வேண்டாம்.

2. எந்த வகை? ரிப்பன் மைக் பெரும்பாலும் பிறவியிலேயே ஃபிகர்-எயிட். ராயர் ஆர்-121, கோல்ஸ் 4038, பேயர்டைனமிக் எம் 130 எல்லாம் இந்த ரகம். வயலின் வில்லின் கரகரப்பை அழகாக மென்மையாக்கும். (எம் 160 பார்க்க எம் 130 மாதிரியே இருக்கும், ஆனால் அது ஹைப்பர்கார்டியாய்ட். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது உஷார்.) ரிப்பனின் அவுட்புட் குறைவு. 60 டெசிபெல் கெயினை இரைச்சல் இல்லாமல் தரும் ப்ரீ-ஆம்ப் இல்லையென்றால் ரிப்பன் பக்கம் போகாதீர்கள். ஒயரிங் கோளாறுள்ள கேபிளில் ஃபாண்டம் பவர் பாய்ந்தால் பாசிவ் ரிப்பன் கெட்டுவிடலாம். புல்லாங்குழல் காற்று நேராக அடித்தாலும் அதே ஆபத்து. முதல் ஃபிகர்-எயிட் மைக் வாங்குபவருக்கு என் ஓட்டு, ஏகேஜி சி 414 போன்ற மல்டி-பேட்டர்ன் கண்டென்சருக்கு. மற்ற நாட்களில் வாய்ப்பாட்டுக்கும் வாய்ஸ் ஓவருக்கும் அதுவே சம்பாதித்துக் கொடுக்கும். சென்ஹைசர் எம்கேஹெச் 30, ஷோப்ஸ் எம்கே 8 பிரமாதமானவை. முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

3. வைக்கும் விதம்தான் உங்கள் ஸ்கில். மைக்கின் காது கேளாத பகுதி இரண்டு புள்ளி அல்ல. மைக்கைச் சுற்றி ஒரு தட்டு மாதிரி விரிந்திருக்கிறது. வீணைக்கு மேலே மைக்கை நேர் கீழ்நோக்கி வைத்தால் அந்தத் தட்டு மேடைக்கு இணையாகப் படுத்திருக்கும். மிருதங்கமோ மைக்கைவிட அரை மீட்டர் கீழே, ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும். அந்த நிலையில் 10 டெசிபெல்தான் குறையும். இப்போது மைக்கை மிருதங்கத்தின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, முகத்தை அங்கிருந்து விலக்கிச் சாய்த்துவையுங்கள். தட்டின் ஓரம் வலந்தலை மேல் இறங்கும். மிருதங்கத்தைத் தட்டச் சொல்லி, வீணை சேனலை மட்டும் கேட்டபடியே சாய்வை மாற்றுங்கள். “சாப்பு” மெலிந்து மெலிந்து போகும் இடத்தில் ஸ்டாண்டை இறுக்கிவிடுங்கள். வீணைக்கு ரொம்பக் கிட்டே போகாதீர்கள். ஃபிகர்-எயிட்டில் பேஸ் ஏகமாக ஏறும்.

4. முதுகை மறக்காதீர்கள். கீழ்நோக்கிய மைக்கின் பின்பக்கம் சீலிங் ஃபேனைப் பார்க்கிறது. முன்னே நிற்கும் மைக்கின் பின்பக்கம் ஆடியன்ஸின் இருமலையும் ஸ்பீக்கரையும் கேட்கிறது. ஸ்டேஜ் மானிட்டரைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். பின்னால் கிட்டத்தில் சுவர் இருந்தால் எதிரொலி கலந்து தொனி கெடும். பின்பக்கம் போலாரிட்டி தலைகீழ், அதனால் எது முன்பக்கம் என்று டேப் ஒட்டிவையுங்கள்.

5. ஸ்டீரியோ கேட்டால்? ஆலன் ப்ளூம்லைன் 1931-லேயே பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்த முறையில், இரண்டு ஃபிகர்-எயிட்டை 90 டிகிரியில் குறுக்காக வைப்பார்கள். நல்ல ஹாலில் அற்புதம். பிஏ ஓடும் சபாவில் பின்பக்கம் முழுக் கூட்டத்தையும் அள்ளிவரும். அங்கே மிட்-சைடு போதும்: முன்னோக்கி ஒரு கார்டியாய்ட், குறுக்கே ஒரு ஃபிகர்-எயிட். மோனோவில் சைடு சிக்னல் தானே ரத்தாகிவிடும், அதனால் ஒற்றை ஸ்பீக்கர் போனில் கேட்கும் ரசிகருக்கும் பாட்டு கெடாது.

6. சவுண்ட் செக்குக்கு எல்லாருக்கும் முன்னால் போங்கள். கலைஞர் உட்கார்ந்த பிறகு, “மேடம், மீட்டும் கைக்கு ஸ்டாண்ட் இடிக்குதா?” என்று கேளுங்கள். வீடியோகிராபரிடமும் ஃபிரேமைக் காட்டச் சொல்லுங்கள். முகத்தை மறைக்கும் மைக்கை யாரும் மன்னிப்பதில்லை. பக்கத்து வாத்தியம் கலக்காத (ப்ளீட் இல்லாத) டிராக்குகள் கையில் இருந்தால் மிக்ஸிங் வேலையையும் நீங்களே கேட்கலாம். ரெக்கார்டிங்குக்கு ஒரு ரேட், மிக்ஸிங்குக்குத் தனி ரேட் என்று கச்சேரிக்கு முன்பே மெசேஜில் எழுதி, ஓகே வாங்கிவிடுங்கள்.